இனிக்கும் நிறம்

அந்த நூலகத்துக்கு யாரும் வராததற்குக் குளிர்தான் காரணம் என்று ஜூலியானா முதல் நாளே சொல்லிவிட்டாள். புத்தகங்களில் குறை ஒன்றும் இல்லை. கிளென்ராய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகையைச் சீர்செய்து, அலமாரி போட்டு, தமிழும் மலாயும் ஆங்கிலமுமாக ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். ஆனால் சுவர் வெள்ளை, கூரை வெள்ளை, அலமாரிகள் சாம்பல். வெளியே மூடுபனியும் வெள்ளை. கதவைத் திறந்து உள்ளே போனால் உள்ளே வந்துவிட்டோம் என்றே தோன்றாது. பிள்ளைகள் வருவார்கள், கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார்கள், போய்விடுவார்கள்.

ஜூலியானாவுக்கு முப்பத்தொன்பது வயது. ரிங்லெட்டில் வீடு. பிரிஞ்சாங்கிலும் கியா பார்மிலும் தங்கும் விடுதிகளுக்கும் ஸ்ட்ராபெரி கடைகளுக்கும் உள் அலங்காரம் செய்துகொடுப்பது எட்டு வருடத் தொழில். கடைக்காரர்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி இதேபோல வேண்டும் என்பார்கள், அவளும் செய்துகொடுப்பாள். தன் மனதுக்குப் பிடித்ததை ஒரு சுவரிலும் அவள் பூசியதில்லை. அப்படியிருக்க, தோட்டத்து மேனேஜர் அமிர்தலிங்கம் அவளைக் கூப்பிட்டு, உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், மார்ச் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதற்குள் இந்த இடத்தில் பிள்ளைகள் நிறைந்திருக்க வேண்டும் என்றார். தோட்டத்தில் எல்லாரும் அவரை இன்னும் துரை என்றுதான் சொன்னார்கள். ஜூலியானா மட்டும் சார் என்று கூப்பிட்டாள்.

பனி சூழ்ந்த இடத்தில் அறையே அடுப்பாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. சுவருக்குச் செங்கல் சிவப்பு. அலமாரிகளுக்குக் கடுகு மஞ்சள். பள்ளத்தாக்கைப் பார்த்து நான்கு பெரிய ஜன்னல்கள் இருந்தன. அவற்றின் அடியில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படிக்கப் பலகை இருக்கைகள் அடித்தாள். ஜன்னலும் இருக்கையும் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட ஆழமான, கனல் போன்ற ஆரஞ்சாக இருக்க வேண்டும். தேயிலை மேட்டில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது அழைப்பு போலத் தெரியவேண்டும்.

சிவப்பும் மஞ்சளும் சுலபமாக அமைந்துவிட்டன. ஆரஞ்சுதான் அமையவில்லை. பிரிஞ்சாங் கடையிலிருந்து மூன்று விதம் வாங்கிப் பூசிப் பார்த்தாள். கடை விளக்கில் நெருப்பாக இருந்தது, பனி வெளிச்சத்தில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது முறை அவள் பிரஷைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயம் பூசிக்கொண்டிருந்த வேலப்பன் அவளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; தோட்டத்தில் என்ன உடைந்தாலும் இன்னும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எழுந்து போனவர் அரைமணி நேரம் கழித்து ஒரு பழைய டின்னோடு வந்தார். சின்ன டின்தான், ஆனால் இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்தார். கீழே வைத்தபோது பலகை அதிர்ந்தது.

"இரும்புக்கு அடிக்கிற தூள்மா. வெள்ளக்கார துரை காலத்துல வந்தது. இத எண்ணெயில கொழச்சு அடிச்சா துரு கிட்ட வராது. ஸ்டோர்ல இன்னும் ஒம்பது டின்னு கெடக்கு."

ஜூலியானா டின்னைத் திருப்பினாள். காகிதம் துருவோடு ஒட்டிக் கறுத்திருந்தது. ஆங்கிலத்தில் முதல் சொல் தெரிந்தது: சிவப்பு. அடுத்த சொல்லின் மேல் கட்டை விரல் நகத்தை வைத்துச் சுரண்டத் தொடங்கினாள். அதற்குள் வேலப்பன் திருப்புளியால் மூடியை நெம்பிவிட்டார். அவ்வளவுதான், அவள் விரல் நின்றுவிட்டது. அப்படி ஒரு நிறத்தை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பனிக்கு அது அசைந்துகொடுக்கவில்லை. டின்னுக்குள்ளிருந்து தானே வெளிச்சம் விடுவது போலிருந்தது.

இது போதும் அங்கிள், இதையே பூசலாம் என்றாள். அந்த இரண்டாவது சொல் என்ன என்று அவள் கேட்கவில்லை. பிறகு பல மாதங்கள், அந்த நகத்தை இன்னும் இரண்டு முறை இழுத்திருந்தால் என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள்.

அக்டோபர் முழுக்க வேலை நடந்தது. வேலப்பன் தூளை ஆளிவிதை எண்ணெயில் கொட்டிக் குச்சியால் கலக்குவார். தூள் புகையாக எழும்பும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்து பூச்சு காயாது என்பதால் எல்லாவற்றையும் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து எப்போதாவது மூக்கைத் துடைத்துக்கொள்வார், துண்டு ஆரஞ்சாகும். மதியம் அங்கேயே தரையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார். கை கழுவ வெளிக் குழாய்க்குப் போகவேண்டும், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அதனால் துண்டில் துடைத்துக்கொள்வதோடு சரி. ஜூலியானா வண்ணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே ஒழிய, வேறு எதையும் பார்க்கவில்லை.

நவம்பரில் திறந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். அவள் நினைத்ததற்கு மேலேயே வந்தார்கள். பள்ளி விடுமுறை மழையில் நான்கு ஜன்னல் இருக்கைகளிலும் கோழிக்குஞ்சு மாதிரி நெருங்கி உட்கார்ந்து படித்தார்கள், படிக்கத் தெரியாததுகள் படம் பார்த்தன. கொழுந்து பறிக்கிற பெண்கள் மேல் மலையிலிருந்து பார்த்தால் பனிக்குள் அடுப்பு எரிகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். யாரோ படம் எடுத்துப் போட்டு, தானா ராத்தாவிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஆட்கள் காடி ஓட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். ஜூலியானாவின் கைப்பேசி ஓயாமல் அடித்தது. தலைமை அலுவலகத்துக்கும் படம் போயிருக்கிறது, மற்ற ஆறு தோட்டங்களிலும் இதேபோல் செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று அமிர்தலிங்கம் சொன்னார்.

ஒரே ஒரு ஆள் மட்டும் உள்ளே வரவில்லை. தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் பூசை செய்யும் சின்னக்கருப்பன் ஒருநாள் வாசல்வரை வந்து ஜன்னல்களைப் பார்த்தார். உள்ளே வாங்க என்று ஜூலியானா கூப்பிட்டாள். அது சாமிக் கல்லுக்குப் பூசற நிறம்மா, மனுசர் குந்துற இடத்துக்குப் பூசறதில்ல என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். ஜூலியானா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். இந்தப் பேச்சுக்கெல்லாம் அவள் காது கொடுப்பதில்லை.

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் ரூபினி. இருபத்தேழு வயது, புருஷன் கியா பார்மில் காய்கறித் தோட்டத்தில் வேலை. வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால் மூன்றரை வயது மகள் சாந்தினியைக் கூடவே கூட்டி வருவாள். வாயாடிக் குழந்தை. இரண்டாவது ஜன்னல்தான் அவள் இடம். இருக்கையின் மேல் ஏறி நின்றால் ஜன்னல் கட்டை சரியாக அவள் மோவாய் உயரத்துக்கு வரும். அதில் மோவாயை ஊன்றிக்கொண்டு, கீழே சாலையில் போகிற லோரிகளை எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு.

முதலில் வேலப்பனுக்குத்தான் வயிறு பிடித்துக்கொண்டது. கேஸ்ட்ரிக் என்று ஒரு மாதம் மாத்திரை தின்றார். சனவரியில் ஜூலியானா அவரைப் பார்த்தபோது ஆள் பாதியாகியிருந்தார். காப்பிக் கோப்பையை எடுத்து நீட்டியவரின் மணிக்கட்டு, கயிறு அறுந்ததுபோலத் தொங்கிவிட்டது. கோப்பை விழுந்து உடைந்தது. வயசாச்சு லா என்று சிரித்தார். அவர் ஈறுகளின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு ஓடியதை அவள் பார்த்தாள். வெற்றிலைக் கறை என்று நினைத்தாள்.

பிறகு நூலகத்திலேயே படுத்துக்கிடந்த பூனை. வெயில் விழும்போதெல்லாம் நான்காவது ஜன்னலில் சுருண்டு கிடந்து, எழுந்து கால் பாதங்களை நக்கும். ஒரு காலையில் அது கண் தெரியாததுபோல அலமாரிகளில் மோதி மோதி ஓடியதாகவும், வாயில் நுரை தள்ளியதாகவும், மத்தியானம் செத்துவிட்டதாகவும் ரூபினி போனில் சொன்னாள். எலி மருந்தைத் தின்றிருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் சாந்தினி எண்ணுவதை நிறுத்தினாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லைன்களில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. அந்த நிறம் எதையோ கூப்பிட்டுவிட்டது, பூனையில் தொடங்கியிருக்கிறது என்றார்கள். சில வீடுகளில் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். ரூபினி மகளுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினாள். கிளினிக்கில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். குழந்தை சாப்பிடவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இல்லாவிட்டால் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் நூலகத்துக்கு வந்ததும் இரண்டாவது ஜன்னலுக்குத்தான் போனாள்.

மார்ச் மாதம் தலைமை அலுவலகத்தார் வருகிற சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை, சின்னச் சின்ன இடங்களைச் சரிசெய்ய ஜூலியானா காலையிலேயே வந்தாள். இரண்டாவது ஜன்னலின் கட்டையில், உள்பக்க விளிம்பு நெடுக ஆரஞ்சு போய் மரம் தெரிந்தது. எலி கரம்பியிருக்கிறது என்று குனிந்தாள். விரலை வைத்துத் தடவினாள். எலிப் பல் அப்படி இருக்காது. பக்கம் பக்கமாக, மேலும் கீழுமாக, சின்னச் சின்னப் பிறை வடிவங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சே இல்லை. தரையிலும் சிதறல் இல்லை.

ரூபினி மகளை மடியில் போட்டுக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் முகம் சுருங்கிப்போனாள். டிசம்பரிலிருந்தே கடிக்கிறாள் அக்கா, அடித்தும் பார்த்தேன், வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தேன், அதைத் துடைத்துவிட்டுக் கடிக்கிறாள், கட்டைக்கு ஆகிற செலவைத் தந்துவிடுகிறேன் என்றாள்.

ஜூலியானா குழந்தைக்கு எதிரே மண்டியிட்டாள். ஏன் கண்ணு அதைக் கடிக்கிற என்று கேட்டாள். சாந்தினி அவளை வெகுநேரம் பார்த்தாள். சொல்லை எங்கிருந்தோ தேடி எடுப்பதுபோல வாய் இரண்டு முறை திறந்து மூடியது.

"இனிக்குது."

வேலப்பன் வீட்டுக்கு ஓடி, அங்கிருந்த திண்டாட்டத்தைப் பார்க்கக்கூட நிற்காமல் ஸ்டோர் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு ஜூலியானா தொழிற்சாலை ஸ்டோருக்குப் போனாள். மீதி டின்கள் மூலையில் இருந்தன. துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஒரு டின்னைத் துடைத்தாள். துரு மெல்ல மெல்லக் கரைந்தது. முதல் சொல், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது. இரண்டாவது சொல் ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. ஈயம்.

தோட்டத்துக்குள் கைப்பேசியில் இணையம் கிடைக்காது. சாலை வளைவு வரை ஏறிப்போய், தூறலில் நின்றுகொண்டு ஈயத்தைப் பற்றித் தேடிப் படித்தாள். வயிற்று வலி. ஈறில் நீலக் கோடு. தொங்கும் மணிக்கட்டு. பசியின்மை. வெளுத்துப்போதல். குழந்தைகள் கற்ற சொற்களை மறத்தல். பூச்சின் இனிப்புச் சுவைக்காகக் குழந்தைகள் அதைத் தேடித் தின்னும் என்று ஒரு வரி இருந்தது. வலிப்பு என்ற இடத்தில் அவளால் மேலே படிக்கமுடியவில்லை. கீழே பனி விலகியிருந்தது. நான்கு ஜன்னல்களும் பளிச்சென்று தெரிந்தன. அவள் வாழ்க்கையில் செய்த மிக அழகான காரியம் அதுதான். அப்போதும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

கணவன் கிறிஸ்டியனுக்குப் போன் செய்தாள். அவன் தாப்பாவுக்குக் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். லோரியை ஓரம்கட்டிவிட்டு முழுவதையும் கேட்டான். கெட்டவன் இல்லை; பயந்துவிட்டான். கடையில் நல்ல மூடுபூச்சு வாங்கி மேலே அடித்துவிடு, நிறம் மங்கிவிட்டது என்று சொல், சனிக்கிழமை கழியட்டும், பிறகு அந்தப் பிள்ளையை நாமே நல்ல டாக்டரிடம் கூட்டிப்போகலாம், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம் என்றான். கேட்கக் கேட்க அது நியாயமாகவே பட்டது அவளுக்கு. மூன்று நாள்தானே. பிரிஞ்சாங்குக்கு ஓட்டிக்கொண்டு போய் இரண்டு பெரிய டின் வாங்கிக் காடியின் பின்னால் போட்டாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

மறுநாள் காலை தோட்டத்துச் சாலையில் ஏறி வரும்போது ரூபினி எதிரே வந்தாள். சாந்தினியைத் துண்டால் முதுகில் கட்டியிருந்தாள். கிளினிக்குக்குப் பஸ் பிடிக்கப் போகிறாளாம். விடியற்காலையிலிருந்து குழந்தை வாந்தி எடுக்கிறதாம். ஜூலியானா காடியைத் திருப்பி அவர்களை ஏற்றிக்கொண்டாள். வளைவுகளில் பின்னால் டின்கள் இரண்டும் உருண்டு உருண்டு இடித்துக்கொண்டன.

என்ன சத்தம் அக்கா என்றாள் ரூபினி.

ஜூலியானா காடியை ஓரமாக நிறுத்தினாள். நிறுத்தாமல் அதைச் சொல்ல முடியாது என்று தோன்றியது. சுக்கானைப் பிடித்தபடியே, பக்கத்தில் திரும்பாமல் சொன்னாள். அந்த ஆரஞ்சில் ஈயம் இருக்கிறது. அது விஷம். சாந்தினி தின்றது அதைத்தான். பின்னால் உருள்வது அதை மூடிமறைக்க நான் வாங்கிய பூச்சு.

ரூபினி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் மகளின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நேத்து."

"நேத்து எத்தன மணிக்கு?"

"காலையில. பத்தரை இருக்கும்."

ரூபினி முன்கண்ணாடி வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் அவ அங்கதான்க்கா நின்னா."

ஜூலியானா கிளினிக்கைத் தாண்டி நேராக ஈப்போ மருத்துவமனைக்கே காடியை விட்டாள். மலை இறங்கும் வழியில் குழந்தைக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. கை கால் விறைத்து, கண் மேலே சொருகி, அரை நிமிடம். ஜூலியானா ஓட்டிக்கொண்டே இருந்தாள். தனக்குத் தெரிந்த ஜெபங்கள் எல்லாம் பாதி பாதியாகத்தான் அவளுக்கு வந்தன.

இரத்தம் எடுத்துப் பார்த்ததும் டாக்டர்கள் சாந்தினியை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். உடம்பிலிருந்து ஈயத்தை இழுத்து வெளியே தள்ளும் மருந்து ஏற்றினார்கள். ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, அந்த இடத்துக்கு வேறு யாரெல்லாம் போனார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஜூலியானா முதலில் வேலப்பன் பெயரைச் சொன்னாள். பிறகு பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பட்டியல் இரண்டாவது தாளுக்குப் போனது.

அமிர்தலிங்கத்துக்கு அவளே போன் செய்து, நூலகத்தை இந்த நிமிடமே பூட்டுங்கள் சார் என்றாள். அவர், அந்தப் பெயிண்டைத் தேர்ந்தெடுத்தது யார், தோட்டமா நீங்களா என்று கேட்டார். நான்தான் என்றாள். அதை எழுத்தில் தரமுடியுமா என்றார். தருகிறேன், முதலில் பூட்டுங்கள் என்றாள். சனிக்கிழமை தலைமை அலுவலகத்தார் வரவில்லை. முகமூடி போட்ட ஆட்கள் வந்து கட்டடம் முழுவதையும் பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றிக் கட்டினார்கள்.

நூலகத்துக்கு வந்தவர்களும் லைன்களில் வேறு சில பிள்ளைகளுமாக இருபத்திரண்டு பேருக்கு இரத்தம் எடுத்தார்கள். பதினான்கு பேருக்கு ஈயம் இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பெண் டாக்டர் ஜூலியானாவைத் தேடிப் போன் செய்தார். குரலில் தயக்கம் இருந்தது. பதினான்கு பேரில் இரண்டு பேர் நூலகத்துக்கு ஒருநாளும் போனதில்லை என்று அவர்கள் தாய்மார் சத்தியம் செய்கிறார்கள், அதில் ஒன்று ஒன்பது மாதக் குழந்தை, இன்னும் தவழவேயில்லை, புட்டிப்பால்தான் குடிக்கிறது, அதற்கு எங்கிருந்து வந்தது என்று உங்களால் யோசிக்க முடிகிறதா என்று கேட்டார்.

ஜூலியானா வேலப்பனைப் பார்க்கப் போனாள். அதே மருத்துவமனையில், மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். கைகள் இரண்டும் போர்வையின் மேல் மடங்கிக் கிடந்தன. அவளைப் பார்த்ததும் அழுதார். நான் வேணும்னு செய்யலம்மா என்றார். தெரியும் அங்கிள் என்றாள். அந்தத் தூளை வேறு எங்கெல்லாம் பூசியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆலை வாசல் இரும்பு கேட். பழைய பாலத்துக் கம்பி. கோயில் மணிக்கூண்டு. இரண்டு மூன்று வீட்டுத் தொட்டில் கம்பி, கேட்டார்கள் என்று.

"அப்புறம் டேங்க்கு."

"எந்த டேங்க்கு அங்கிள்?"

"மேட்டு லைன் தண்ணி டேங்க்கு லா. அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ, உள்ளேயும் வெளியேயும். துரு வராம இருக்கணும்ல. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து நான்தான் அடிக்கிறேன்."

கீழ் லைன்காரர்களுக்கு அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வந்து பல வருடமாகிவிட்டது. அந்த இரண்டு பிள்ளைகளும் இருக்கிற மேட்டு லைனில் நாற்பது வீடு இன்னும் ஊற்றுத் தண்ணீரை இரும்பு டேங்க்கில் பிடித்துத்தான் குடித்தது. ஜூலியானா அன்று மதியமே ஏறிப்போனாள். டேங்க் தேயிலைக்கு நடுவே மேற்பூச்சாகப் பச்சை அடித்து, பாசி படிந்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏணியில் ஏறி மூடியைத் தூக்கினாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. அடியில், பக்கங்களில், அந்த நிறம். வெளிச்சம் பட்டதும் கனன்றது. சில இடங்களில் செதில் செதிலாக உரிந்து அடியில் படிந்திருந்தது.

கீழே குழாயடியில் பெண்கள் பாத்திரங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார்கள். ஜூலியானா இறங்கிவந்து குழாயைத் திருகி மூடினாள். என்ன டீச்சர், தண்ணி வேணும் என்றாள் ஒருத்தி. பிள்ளைகளுக்கு நூலகம் கட்டியவள் என்பதால் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். குழாயை விடாமல் பிடித்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது ஒரு பெண், நிறைந்திருந்த தன் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டினாள். பிறகு மற்றவர்களும் கொட்டினார்கள். தண்ணீர் சரிவில் ஓடியது.

அன்றிலிருந்து லோரியில் தண்ணீர் வந்தது. டேங்க்கை அறுத்து எடுத்துப்போனார்கள். சாந்தினி ஏழு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள்; வலிப்பு இப்போது இல்லை. டாக்டர் படங்களைக் காட்டினால் இருபதில் எட்டுக்குப் பெயர் சொல்கிறாள். மீதி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஜூலியானாதான் ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். ரூபினி முன் இருக்கையில் உட்காருவதில்லை. குழந்தையோடு பின்னால் உட்கார்ந்துகொண்டு, போக வர ஜன்னலைப் பார்த்தபடி வருகிறாள்.

மேட்டு லைனில் பெரியவர்களுக்கும் இரத்தம் எடுக்க ஆள் வந்தது மே மாதத்தில். தோட்டத்து மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். பெயர் எழுதும் வேலைக்கு ஆள் இல்லையென்று ஜூலியானா உட்கார்ந்தாள். சிலர் அவளைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குப் போனார்கள். சிலர் வந்தார்கள். மேட்டு லைன்காரனுக்கு வயிறும் சரியில்லை, கோபமும் அடங்காது, படிப்பும் ஏறாது என்று தோட்டத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டாம். வரிசையில் நின்றவர்கள் அதை ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

யுவனேஸ்வரன் என்று ஒருவன். முப்பத்தாறு வயது, கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றுகிறவன். அந்த லைனிலேயே பிறந்து வளர்ந்தவன். பெயரை எழுதச் சொல்லி அவள் பேனாவை நீட்டியபோது அவன் வாங்கவில்லை. நீங்களே எழுதுங்க என்றான். எழுதி முடித்ததும் போகாமல் நின்றான்.

"அக்கா, எனக்கு ஸ்கூல்ல எழுத்து நிக்கவே நிக்காது. இன்னைக்குப் படிச்சா நாளைக்குப் போயிரும். அப்பா பெல்ட்டால அடிப்பாரு. மூணாம் வகுப்போட நிறுத்திட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அது இதனாலயா?"

ஜூலியானா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இருக்கலாம் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா, எது அவனை அதிகம் உடைக்கும் என்று அவளுக்குப் புரியவில்லை.

"தெரியலப்பா," என்றாள். "யாராலயும் இனிமே சொல்ல முடியாது."

அவன் தலையை ஆட்டினான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஊசி போடுகிற மேசைக்குப் போனான். அவனுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஜூலியானா அடுத்த பெயரைக் கேட்டாள்.